தவிடும் கோ-4 புல்லும்: ஒரு செவலைக் குதிரை நொண்டிய கதை (நிகழ்வு ஆய்வு)

இதில் வரும் குதிரை என்னுடையது, தவறுகளிலும் பெரும்பாதி என்னுடையவைதான். மற்றவர்கள் யாரும் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை என்பதால் யார் பெயரும் இதில் இல்லை. எங்கள் பக்கம் சொந்தக் குதிரை வாங்கி வளர்ப்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், அவர்களில் பலர் கொடுக்கும் தீவனம் நாங்கள் கொடுத்த அதே தீவனம். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

பின்னணி

குதிரை ஆசை எனக்கு நாற்பது வயதுக்கு அப்புறம் வந்தது. திருப்பூரில் கணக்கு வேலை, நாள் முழுக்க நாற்காலி. மகளை கோயம்புத்தூர் பக்கம் ஒரு ரைடிங் ஸ்கூலில் சேர்த்துவிடப் போனவன், வேலிக்கு வெளியே மூன்று வாரம் நின்று பார்த்துவிட்டு நானும் சேர்ந்துகொண்டேன். வாரம் இரண்டு வகுப்பு. ஒரு வருடத்தில் வாக் (நடை), டிராட் (மெதுவான ஓட்டம்) இரண்டும் கைவந்தன, கேன்டரில் (அதைவிட வேகமான ஓட்டம்) பிடரியைப் பிடிக்காமல் மூன்று சுற்று வர முடிந்தது, நான்கு முறை விழுந்திருந்தேன். "சொந்தக் குதிரைக்கு அவசரப்படாதீங்க சார், இன்னும் ரெண்டு வருஷம் ஸ்கூல் குதிரையிலேயே ஓட்டுங்க" என்று கோச் சொன்னார். கேட்கவில்லை. காங்கேயம் பக்கம் மாமனாரின் தோட்டம் இருந்தது, கிணறு இருந்தது, பழைய மாட்டுக் கொட்டகை ஒன்று காலியாக இருந்தது. அது போதும் என்று நினைத்தோம்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரையை வாங்கினோம். கத்தியவார் இனம், செவலை, காயடித்த ஆண், பல் பார்த்து ஏழு வயது என்றார்கள். நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும் காது. முகம் பக்கவாட்டில் பார்த்தால் கண்ணுக்குக் கீழே லேசாகக் குழிந்திருக்கும், அந்த இனத்துக்கே உரிய முகவெட்டு அது. அந்தக் குழிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வாங்கும்போது எங்களோடு வந்தவர்கள் ஒரு மணி நேரம் சுழி பார்த்தார்கள். நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, எது ஆகும், எது ஆகாது என்று ஒரே விவாதம். குளம்பைத் தூக்கிப் பார்த்தது ஒரே ஒருவர்தான். இதுவரை என்ன தின்றது என்று விற்றவரிடம் கேட்கவேண்டும் என்பது யாருக்கும், எனக்கும், தோன்றவில்லை.

கூடவே ஒரு சைஸும் (குதிரையைப் பராமரிப்பவர்) கிடைத்தார். அறுபது வயதைத் தாண்டிய பெரியவர், இளவயதில் ரேஸ் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். இந்த ஆய்வில் அதிகம் கவனித்தவர் அவர்தான், நாங்கள் குறைவாகக் கேட்டதும் அவர் பேச்சைத்தான்.

முதல் நான்கு மாதம்

தீவனத்தை நான் முடிவு செய்தேன். பக்கத்துத் தோட்டத்தில் எட்டுக் கறவை மாடு வைத்திருப்பவர் இரண்டு ஏக்கரில் கோ-4 போட்டிருந்தார், அதாவது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். பச்சைப்பசேலென்று ஆள் உயரத்துக்கு நிற்கும், வெட்ட வெட்டத் தழையும், அவர் மாடுகள் அதைத் தின்று பளபளவென்று இருந்தன. அதையே தினம் இருபது கிலோவுக்கு மேல் வெட்டிப் போட்டோம். அடர்தீவனமாக கோதுமைத் தவிடு வேளைக்கு ஒரு டின், மூன்று வேளை. வேகவைத்த கொள்ளு தினம் ஒரு கிலோ. இரவுக்குக் கொஞ்சம் வைக்கோல். குதிரை விரும்பித் தின்றது, வயிறு நிறைந்திருந்தது, ரோமம் மின்னியது. மாட்டுக்கு ஆகும் புல் குதிரைக்கு ஏன் ஆகாது? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் முழுக்கதையும் இருக்கிறது, ஆனால் அப்போது அது எனக்குக் கேள்வியாகவே படவில்லை.

சவாரி வாரம் ஐந்து நாள். கோச் மாதம் இருமுறை தோட்டத்துக்கே வந்து பார்த்தார். கார்த்திகை வரை பெரிய குறை எதுவும் இல்லை.

கவனித்தவை

மார்கழியில் ஆரம்பித்தது. எதுவும் ஒரே நாளில் வரவில்லை, தனித்தனியாக, சின்னச் சின்னதாக வந்தன. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதியிருந்தால் ஒருவேளை பிடிபட்டிருக்கும்.

நடை சுருங்கியது. முன்னங்கால்களை நீட்டி வைக்காமல் வெந்நீரில் கால் வைப்பதுபோல் வைத்தது. டிராட்டுக்கு விரட்டினால் பத்து அடி போய் நின்றுவிடும். ஒரு நாள் இடது முன்னங்காலில் நொண்டியது, மறுவாரம் வலது பின்னங்காலில், அப்புறம் நான்கு நாள் ஒன்றுமே இல்லை. கால் மாறி மாறி நொண்டுவதை நான் "நடிக்கிறது" என்று படித்தேன். இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன், வீட்டிலும் அப்படித்தான் சொன்னேன்.

ஏறி உட்காரும்போது காதைப் பின்னால் மடக்கி முதுகைத் தாழ்த்தியது. லாடம் கட்ட ஒரு காலைத் தூக்கினால் மற்ற மூன்று காலில் நிற்க முடியாமல் லாடம் கட்டுபவர் தோளில் சாய்ந்தது.

மகள் ஒன்றைக் கவனித்தாள். முகத்தில் போடும் தலைக்கயிறு வார், வாங்கிய நாளிலிருந்து மூன்றாவது ஓட்டையில் மாட்டியது, தை மாதத்தில் அதே ஓட்டையில் மாட்டினால் தோலை அழுத்தித் தடம் விழுந்தது. "அப்பா, இது இன்னும் வளருதா?" என்று கேட்டாள். நல்லா தின்னுதில்ல, முகம் பூசுது என்று சொல்லிவிட்டு நான்காவது ஓட்டைக்குத் தளர்த்தினேன். ஏழு வயதுக் குதிரைக்குத் தலை வளராது. கண்ணுக்குக் கீழே இருந்த குழிவும் அந்தச் சமயத்தில் நிரவிவிட்டது. பார்க்க வந்த ஒருவர் "மூக்கு எடுப்பா இருக்குதுங்களே, மார்வார் ரத்தம் கலந்திருக்குமாட்ட" என்று பாராட்டினார், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பெரியவர் கவனித்தது வேறு. காலையில் தொட்டியைக் கழுவும்போது உள்ளே பச்சை உருண்டைகள் கிடந்தன. எலுமிச்சம்பழ அளவு, பாதி மென்று துப்பிய புல், எச்சிலோடு கெட்டியாக உருண்டிருக்கும். கையில் எடுத்து வந்து காட்டினார். "தம்பி, இது சோம்பேறித்தனம் இல்லீங்க. மெல்ல முடியாமத் துப்புது. எங்கியோ நோவுதுங்க அதுக்கு." பல் கூர்மையாகியிருக்கும், ராவிவிட்டால் சரியாகிவிடும் என்று சொன்னேன். அதற்கும் ஆளைக் கூப்பிடவில்லை.

முதலில் எடுத்த முடிவுகள்

கோச்சின் கணிப்பு, குதிரை என்னைப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது. புதிதாக ஓட்டுபவன் என்று தெரிந்தால் குதிரை சோதித்துப் பார்க்கும் என்பது உண்மைதான், ஸ்கூல் குதிரைகள் எனக்கே செய்திருக்கின்றன. "காலைக் கொடுங்க சார், இன்னும் காலைக் கொடுங்க" என்றார். நானும் கொடுத்தேன். அப்புறம் சின்னச் சாட்டை. அதற்கும் நகராதபோது ஸ்பர், அதாவது குதிகாலில் மாட்டும் குத்துமுள். ஆறு வாரம் இப்படிப் போனது.

இடையில் லாடத்தை மாற்றினோம், சேணத்துக்கு அடியில் போடும் பேடை மாற்றினோம். தை கடைசியில், மாடு பார்க்கும் டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். வலி ஊசி போட்டார், நான்கு நாள் நன்றாக நடந்தது. ரத்தம் எடுத்து அனுப்பினார். கால்சியம் 12.1 மி.கி. என்று வந்தது, குதிரைக்கு ஏறக்குறைய 11 முதல் 13.5 வரை சரியான அளவு. அதாவது நார்மல். எலும்பில் ஒன்றுமில்லை என்று எல்லோரும் மூச்சு விட்டோம். எங்களை அதிகம் ஏமாற்றியது இந்தக் காகிதம்தான், காரணத்தைக் கீழே சொல்கிறேன். டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மாட்டுக்குக் கால்சியம் குறைந்தால் ரத்தத்தில் தெரியும், கன்று ஈன்ற மாடு விழுந்து கிடப்பதை அவர் நூறு முறை பார்த்திருப்பார்.

பங்குனி முதல் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வலி ஊசி போட்ட மறுநாள், குதிரை உற்சாகமாக இருந்தது, நானும் துணிந்து டிராட் எடுத்தேன். மண் தளம், கல் எதுவும் இல்லை. இரண்டாவது சுற்றில் முன்னங்கால் மடங்கி இரண்டு முட்டியும் தரையில் குத்தின. நான் கழுத்துக்கு மேலே போய் இடது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் விரிசல், ஐந்து வாரம் கட்டு. குதிரை எழுந்து ஓடவில்லை. அங்கேயே நின்றது. முட்டியில் ரத்தம், உடம்பெல்லாம் வேர்வை, மூக்குத் துளை விரிந்து விரிந்து சுருங்கியது. பெரியவர் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

குதிரை டாக்டர் வந்த நாள்

ரேஸ் குதிரைகளை மட்டுமே பல வருடம் பார்த்த ஒரு டாக்டர் தொலைவிலிருந்து வர ஒப்புக்கொண்டார். வந்து இறங்கியதும் அவர் கேட்டது: "குதிரையை அப்புறம் பாக்கலாம். தீவனம் வைக்கிற இடம் எங்க?"

தவிட்டு மூட்டையைப் பார்த்தார். டின்னை நிரப்பி தொங்குதராசில் மாட்டினார், ஒரு கிலோ. அப்படியானால் தினம் மூன்று கிலோ தவிடு. வெளியே வந்து கோ-4 வயலைப் பார்த்தார். குதிரையிடம் போனபோது முகத்தின் இரண்டு பக்கத்தையும் இரண்டு உள்ளங்கையால் ஒரே நேரத்தில் தடவினார், என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். கண்ணுக்குக் கீழே கன்னமேட்டுக்கு மேல், கூராக இருக்கவேண்டிய எலும்பு விளிம்பு உருண்டையாக, மொழுக்கென்று இருந்தது. விரலால் தட்டினால் வெற்றறையில் தட்டும் ஒலி வரவேண்டும், மரக்கட்டையில் தட்டியதுபோல் வந்தது.

நாடித்துடிப்பு 48. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம். காய்ச்சல் இல்லை. வலியால் ஏறிய துடிப்பு என்றார்.

அப்புறம் டேப் எடுத்து அளந்தார். மார்புச் சுற்றளவு 165 செ.மீ., தோள் முனையிலிருந்து புட்ட முனை வரை 150 செ.மீ. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோவில் எடை வரும். 344 கிலோ. என் எடை 74, சேணம் 7, ஆக 81. குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுவான கணக்கு, இதற்கு 69 கிலோ. நான் எட்டு மாதமாக அதற்கு மேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். சந்தையில் சுழி பார்க்கச் செலவழித்த ஒரு மணி நேரத்தில் இதை இரண்டு நிமிடம் செய்திருக்கலாம்.

உறுதி செய்ய ரத்தமும் சிறுநீரும் ஒரே நாளில் எடுத்து அனுப்பச் சொன்னார். சிறுநீர் பிடிப்பது எப்படி என்று நான் முழித்தபோது பெரியவர் சிரித்தார். விடிகாலை ஐந்து மணிக்குக் கொட்டிலில் புது வைக்கோலைப் பரப்பினார், கையில் ஜக்கோடு ஓரமாக நின்று மெல்லிய சீட்டி அடித்தார். வெறும் தரையில் காலில் தெறிக்கும் என்பதால் குதிரைக்குப் புது வைக்கோலைக் கண்டால்தான் மனசு வருமாம், ரேஸ் லாயத்தில் சீட்டிக்குப் பழக்கியே வைப்பார்களாம். ஏழு நிமிடத்தில் ஜக் நிறைந்தது.

முடிவு வந்தபோது சிறுநீரில் பாஸ்பரஸ் மிக அதிகமாக வெளியேறிக்கொண்டிருந்தது. ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியில் தாடையை எக்ஸ்ரே எடுத்தோம், பல் வேரைச் சுற்றி வெள்ளைக் கோடாகத் தெரியவேண்டிய எலும்பு மங்கலாக இருந்தது. எலும்பின் தாதுச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போன பிறகுதான் எக்ஸ்ரேயில் அது கண்ணுக்கே தெரியும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டோம்.

ஏன் இப்படி ஆனது

நோய்க்கு ஊர்ப் பெயர் எதுவும் எங்கள் பக்கம் இல்லை. ஆங்கிலத்தில் பிக் ஹெட் என்கிறார்கள், பெரிய தலை. பழைய காலத்தில் மில்லர்ஸ் டிசீஸ் என்றும் ஒரு பெயர், மாவு மில்காரர்கள் மிஞ்சிய தவிட்டையே தங்கள் குதிரைக்குப் போட்டு வளர்த்ததால் வந்த பெயர்.

எங்கள் கொட்டகையில் இரண்டு வழியாக வந்தது. முதல் வழி தவிடு. கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு பாஸ்பரஸ். குதிரையின் மொத்தத் தீவனத்தில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்கவேண்டும், ஒன்றரை இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. 500 கிலோ குதிரை சும்மா நின்றாலே தினம் 20 கிராம் கால்சியம் தேவை, 14 கிராம் பாஸ்பரஸ் தேவை. எங்கள் மூன்று கிலோ தவிடு கொடுத்தது நான்கு கிராம் கால்சியமும் முப்பது கிராமுக்கு மேல் பாஸ்பரஸும். மிகுதியான பாஸ்பரஸ் குடலில் கால்சியத்தை உறிஞ்ச விடாது.

இரண்டாவது வழி புல். நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட் அதிகம், அது புல்லில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டுக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை, ஏனென்றால் மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் குடலுக்குப் போகும் முன்பே ஆக்சலேட்டை உடைத்துவிடும். குதிரைக்கு நுண்ணுயிர் நொதிக்கும் இடம் பெருங்குடல் பக்கம், கால்சியத்தை உறிஞ்சும் இடமோ சிறுகுடல். உடைக்கும் வேலை நடக்கும்போது உறிஞ்சும் இடம் தாண்டிப் போயிருக்கும். பக்கத்துத் தோட்டத்து மாடு பளபளத்ததும் என் குதிரை உள்ளே கரைந்ததும் ஒரே வயலின் புல்லில்தான்.

ரத்தக் கால்சியம் நார்மலாக வந்ததற்கும் காரணம் இதுதான். இதயமும் தசையும் இயங்க ரத்தத்தில் கால்சியம் ஒரே அளவில் இருந்தாகவேண்டும். தீவனத்திலிருந்து வராதபோது பாராதைராய்டு ஹார்மோன் அதை எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் ஊற்றுகிறது. எடுத்த இடத்தில் நார்த்திசு நிரம்பி வீங்குகிறது, முகத்திலும் தாடையிலும் அதிகமாக. பல் ஆட்டம் காண்கிறது, அதனால்தான் பச்சை உருண்டைகள். தசைநாண் எலும்பில் ஒட்டும் இடங்கள் பலவீனமாகின்றன, அதனால்தான் நொண்டல் கால் மாறி மாறி வந்தது.

கொள்ளு இதில் குற்றவாளி இல்லை. அதில் கால்சியமும் பாஸ்பரஸும் ஏறக்குறைய சமம். "கொள்ளு சூடு, அதை நிறுத்துங்க, தவிடுதான் குளிர்ச்சி" என்று எங்களுக்கு ஆலோசனை சொன்னவர்கள் உண்டு, அவர்களுக்காக இந்த வரி.

மாற்றியவை, காரணங்கள்

சித்திரை ஒன்றாம் தேதியிலிருந்து மாற்றம். எதையும் ஒரேயடியாக நிறுத்தவில்லை, தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வந்து ஓர் இரவில் குதிரையே போய்விடலாம். தவிட்டைப் பத்து நாளில் படிப்படியாக அறவே நிறுத்தினோம். கோ-4 ஐ இரண்டு வாரத்தில் நிறுத்தி, அந்த இடத்தில் காய்ந்த அருகம்புல்லும் குதிரை மசாலும் (லூசர்ன் என்னும் தீவனப்பயிர்) வந்தன. பெயரிலேயே குதிரை இருக்கும் மசாலை விட்டுவிட்டு மாட்டுப் புல்லைத் தேடிப் போயிருக்கிறேன் என்பதை மாமனார் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். மசாலிலும் ஆக்சலேட் உண்டு, ஆனால் கால்சியம் அதைவிட மிக அதிகம் என்பதால் கணக்கு குதிரைக்குச் சாதகமாகவே முடியும்.

எளிதாகக் கிடைக்கும் சோளத்தட்டையும் கேட்டுப் பார்த்தேன். டாக்டர் ஒப்பவில்லை. சோளப்பயிர் பச்சையாகக் கிடைத்தால் குதிரைக்கு நரம்பையும் சிறுநீர்ப்பையையும் கெடுக்கும், காய்ந்தது எது, பாதி காய்ந்தது எது என்று உங்களால் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றார். கொறங்காட்டில் (மானாவாரி மேய்ச்சல் நிலம்) மேய விடலாமா என்று கேட்டதற்கும் இப்போதைக்கு வேண்டாம் என்றார், அங்கே இருக்கும் கொழுக்கட்டைப்புல்லும் ஆக்சலேட் கூடிய புல்தான்.

இவற்றோடு, தீவனத் தரத்தில் வரும் சுண்ணாம்புக்கல் தூள் இரண்டு பங்கு, டைகால்சியம் பாஸ்பேட் ஒரு பங்கு கலந்து தினம் 100 கிராம், இரண்டு வேளையாக. அது என் குதிரையின் எடைக்கும் நிலைக்கும் அவர் போட்ட அளவு, அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தூளைத் தனியாகப் போட்டால் தொட்டியின் அடியில் தங்கிவிடும், நாட்டுச்சர்க்கரைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் ஒட்டும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாமே என்று பெரியவர் கேட்டார். அது நீற்றிய சுண்ணாம்பு, வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும் என்று டாக்டர் தடுத்தார். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் இந்தக் குழப்பம் வேறு வீடுகளிலும் வரும்.

வலி மருந்தைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். எனக்கு அது கொடுமையாகப் பட்டது. "வலி தெரியலேன்னா ஓடும், ஓடினா நாண் எலும்போட பிச்சுக்கும், நீங்க விழுந்த அன்னைக்கு நடந்தது அதோட ஆரம்பம்" என்றார். சவாரி நான்கு மாதம் கிடையாது. காலை மாலை கையில் பிடித்து பதினைந்து நிமிட நடை, மிருதுவான தரையில்.

அடுத்து நடந்தவை

மூன்றாவது வாரம் தொட்டியில் உருண்டைகள் குறைந்தன, ஐந்தாவது வாரம் இல்லை.

நடையை அளக்கப் பெரியவர் ஒரு வழி சொன்னார். கிணற்றடி மணலை நனைத்துச் சமன் செய்து அதன்மேல் குதிரையை நேராக நடத்திப் போவது. நல்ல நடையில் பின்குளம்பு முன்குளம்பின் தடத்திலேயே, அல்லது அதைத் தாண்டி விழும். சித்திரையில் பின்குளம்பு நான்கு விரற்கடை பின்னாலேயே விழுந்தது. ஒவ்வொரு ஞாயிறும் குந்தி உட்கார்ந்து அளந்து நோட்டில் எழுதினோம், முதலில் கட்டுப் போட்ட கையோடும் நான் விரலை வைப்பேன், மகள் எழுதுவாள். நான்கு, நான்கு, நான்கு, மூன்றரை, மூன்று. எட்டாவது வாரம் தொட்டுவிட்டது.

அந்த நான்கு மாதத்தில் என் சவாரி ஸ்கூல் குதிரையில் மட்டும். மற்ற நேரமெல்லாம் கொட்டிலில். தாடைக்கு அடியில் ரத்தக்குழாயைப் பிடித்து நாடி எண்ணக் கற்றேன். குளம்பு சுரண்டுவது, சாணத்தை உடைத்துப் பார்ப்பது, மூச்சை விலாவில் எண்ணுவது, எந்தக் காது எப்போது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது, எல்லாம் அப்போதுதான். ஒரு வருடம் பணம் கட்டிக் கற்ற வகுப்பில் இவை இல்லை. நாற்பத்தைந்து நிமிட வகுப்பு, சைஸ் சேணம் பூட்டிக் கொண்டுவந்து நிறுத்துவார், ஏறுவோம், இறங்குவோம், கயிற்றை அவர் கையில் கொடுப்போம்.

ஐப்பசியில் ஒரு சறுக்கல். அடைமழையில் மசால் அறுக்க முடியவில்லை, வைத்திருந்த காய்ந்த புல் ஒழுகிப் பூஞ்சணம் பிடித்தது. பூஞ்சணப் புல்லைவிட இது தேவலை என்று பன்னிரண்டு நாள் கோ-4 போட்டோம், கால்சியம் அளவை டாக்டரிடம் கேட்டுக் கூட்டிக்கொண்டோம். நடையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. அதற்கப்புறம் பரண் போட்டு இரண்டு மாதத்துக்கான காய்ந்த புல்லைத் தார்ப்பாய்க்குள் வைக்கிறோம். தீவனச் செலவு முன்பைவிட ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது.

கார்த்திகையில் மறுபடி சிறுநீர், மறுபடி எக்ஸ்ரே. பாஸ்பரஸ் அளவுக்குள் வந்திருந்தது, பல்லைச் சுற்றிய கோடு தெரிந்தது, முழுதாக இல்லை. மார்பு 170 செ.மீ., எடை 365 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு 73. நானும் சேணமும் இன்னும் 81. அதனால் இப்போது செவலையை ஓட்டுவது மகள். அவளும் சேணமும் சேர்ந்து 55 கிலோ. வாக், டிராட், நேர்கோட்டில் சின்னக் கேன்டர். வட்டத்தில் கேன்டர் இன்னும் ஒரு வருடத்துக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் கயிற்றைப் பிடித்து நடத்திப் போகிறேன், சில நாள் பத்து நிமிடம் வெறும் வாக்குக்கு ஏறி இறங்குகிறேன், அதிலும் எடையைக் குறைக்கும் வேலை பாக்கி இருக்கிறது.

மறுபடி செய்வதானால்

சந்தையில் டேப் கொண்டுபோவேன், எடை போட்டுப் பார்த்து என் எடைக்கு ஏற்ற குதிரையாக வாங்குவேன், அல்லது வாங்காமல் திரும்புவேன். என்ன தின்று வளர்ந்தது என்று விற்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்வேன். தீவனத்தை டின்னில் அளக்கமாட்டேன். முகத்தை மாதம் ஒருமுறை இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் நின்று போட்டோ எடுப்பேன், எங்கள் போனில் இருந்த பழைய படங்களை வரிசையாகப் பார்த்தபோது மார்கழியிலேயே வீக்கம் பளிச்சென்று தெரிந்தது.

ஒரு குதிரை திடீரென்று சோம்பேறியாகிறது என்றால் ஸ்பரை எடுக்கும் முன் டாக்டரைக் கூப்பிடுவேன். கோச்சிடம் இதைப் பேசினேன். முதலில் சங்கடப்பட்டார், அப்புறம் தன் ஸ்கூலில் போடும் தவிட்டை எடை போட்டுப் பார்த்துவிட்டு போன் செய்தார். பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க தம்பி, அடுத்தவாட்டி உருண்டையைக் கொண்டாந்தா வாங்கிப் பாருங்க" என்றார்.

இந்த ஆடியில் மறுபடி அந்தியூர் போனோம், வாங்க அல்ல. பேச்சுவாக்கில் செவலையின் படத்தைப் பார்த்த ஒரு வியாபாரி, கத்தியவாரில் இப்படி மூக்கு வராதே, நல்ல கலப்பு, விற்பதானால் சொல்லுங்கள் என்றார். இது வீக்கம் என்று சொன்னேன், நம்பவில்லை. அவருக்குப் பின்னால் கட்டியிருந்த இரண்டு குதிரைகளுக்கு முன்னால் தவிட்டு மூட்டை பிரித்து வைத்திருந்தது. எலும்பு கெட்டிப்பட்டாலும் முகத்தின் வீக்கம் முழுதாகப் போகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தலைக்கயிறு வார் இன்றும் நான்காவது ஓட்டையில்தான் இருக்கிறது.